இடது பக்கக் கண்ணாடி

பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. எட்டரைக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். என் வீட்டுக்காரர் பேக்கரி வேன் ஓட்டுகிறவர். கடைகளுக்கு ரொட்டி போடப் போகும் வழியில் என்னை இறக்கிவிட்டுப் போவார். வீட்டில் நிதானமாகத் தலைவார எனக்கு என்றைக்கும் நேரம் வாய்த்ததில்லை. அதனால் வண்டியில் ஏறியதும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வெளியே இருக்கும் இடது பக்கக் கண்ணாடியை என் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொள்வேன்.

வேறு புருஷனாக இருந்தால் எரிந்து விழுந்திருப்பான். இவர் வேகத்தைக் குறைத்துவிடுவார். "மகாராணி அலங்காரம் முடியுற வரைக்கும் ஊர்வலம்தான்" என்பார். பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களை, முந்திப் போங்கள் என்று கையைக் காட்டி அனுப்பிவைப்பார். இறங்கியதும் கண்ணாடியைப் பழையபடி திருப்பி வைக்க வேண்டியது நான். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாய்ந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் வெளியே... அய்யோ, வானம் தெரியுது... ஆங், போதும்" என்பார். கல்யாணமான பதினோரு வருஷத்தில் நாங்கள் நடுரோட்டில் கொஞ்சிக்கொண்டது அவ்வளவுதான்.

அன்றைக்குக் காலையில் என் வகிட்டில் இரண்டு நரைமுடியைக் கண்டுபிடித்துவிட்டார். "வெள்ளிக் கம்பி மின்னுதே, அடகு வைக்கலாமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் தோற்றுப்போவேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினேன், கதவைப் படாரென்று சாத்தினேன், திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன். அவர் சிரிக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. கண்ணாடி நினைவுக்கே வரவில்லை.

இரண்டு தெரு தள்ளி இடது பக்கம் திரும்பினார். வேனுக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒரு பையன் பைக்கில் முந்திக்கொண்டு வந்திருக்கிறான். இருபத்துநாலு வயது, ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். வேனில் இடித்து விழுந்து, தலை நடைபாதைக் கல்லில் மோதிவிட்டது. ஹெல்மெட் ஹாண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது.

இடித்ததில் எங்கள் கண்ணாடி தூள் தூளாகிப் போனது. அது எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பையன் தப்பான பக்கம் முந்தினான், ஹெல்மெட் போடவில்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். "உங்க மேல பெரிசா ஒண்ணும் வராது" என்றார். பேக்கரி முதலாளி, "தப்பிச்சோம்டா சாமி. இனிமே யார்கிட்டயும் வாயத் திறக்காதே" என்றார்.

"சிக்னல்லயே பார்த்துட்டேன்" என்று வீட்டில் ஆரம்பித்தார் இவர். "கண்ணாடியில உன் காலி சீட்டுதான் தெரிஞ்சுது. ரெண்டு தெருதானே, அடுத்த கடையில நிறுத்தித் திருப்பிக்கலாம்னு..."

"போதும். மூச்சு விடாதீங்க" என்றேன்.

நான் ஒன்றும் உத்தமி இல்லை. எனக்கு என் மனுஷன் வீட்டில் இருக்க வேண்டும், ஜெயிலில் இல்லை. அந்தப் பையன் ஏன் அந்தச் சந்தில் நுழைந்தான்? தலையில் போடவேண்டியதை வண்டிக்கு எதற்கு மாட்டினான்? இதையே எட்டு நாளும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். இவர் வேன் சாவியைத் தொடவில்லை. தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அழுகையும் வந்தது.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். துணிக்கடைச் சீருடையில் இருந்தாள். பையனின் அக்கா என்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் தாண்டி இவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"அண்ணே, மன்னிச்சிடுங்க. நீங்க வண்டியே எடுக்கறதில்லைன்னு பேக்கரியில சொன்னாங்க. என் தம்பி குறுக்க வந்து உங்கள இந்தக் கதிக்கு ஆளாக்கிட்டான். அப்பா அம்மா இல்லாம நான் வளர்த்த புள்ள. என் வளர்ப்பு சரியில்லைன்னு நினைச்சுக்கோங்க."

நான் வழிவிட்டேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"ஹெல்மெட் போடுடான்னு தினமும் கத்துவேன் அக்கா. அன்னைக்கு அவனுக்குப் பொறந்தநாள். நல்ல நாளும் அதுவுமா எதுக்குக் கத்தணும்னு விட்டுட்டேன்."

எட்டு நாளாக இவர் வாயைப் பூட்டி வைத்திருந்தவள் நான். என் வாய்தான் முதலில் திறந்தது. "கண்ணாடி என் பக்கம் திரும்பியிருந்துச்சு" என்றேன். தலைவாரியது, நரைமுடி, கதவைச் சாத்தியது என்று ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். "நான்தான் மறந்துட்டேன்."

"அவ மறந்துட்டாம்மா" என்றார் இவர். "நான் மறக்கல. தெரிஞ்சேதான் ஓட்டினேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "கண்ணாடி சரியா இருந்திருந்தா அவன் உங்க கண்ணுல பட்டிருப்பானா?"

"பட்டிருப்பான்."

"அப்ப நான் எதுக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன்?"

அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கிளம்புங்க. இதை ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க. நானும் வரேன்."

மூன்று பேரும் நடந்தே போனோம். இவர் ரோட்டைத் தாண்டுகிற இடத்தில் வழக்கம்போல என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் புதிதாக ஒரு தாளை எடுத்தார். இவர் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு, "என் தம்பி தப்பான பக்கம் வந்ததும் ஹெல்மெட் போடாததும் அப்படியே இருக்கட்டும் சார்" என்றாள். "அது உண்மை. இதையும் சேர்த்து எழுதுங்க."

"கண்ணாடியத் திருப்பினது யாரு?"

"நான்" என்றோம் இரண்டு பேரும்.

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார். "யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

"நான்தான் சார்" என்று முந்திக்கொண்டேன். மேஜைக்குக் கீழே இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது திரும்பியிருக்குன்னு தெரிஞ்சும் வண்டிய எடுத்தது?"

அதற்கும் வாயைத் திறந்தேன். நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

"நான் சார்" என்றார். கையெழுத்துப் போடுவதற்காக என் பிடியிலிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டார்.