எஞ்சின் ஆறும்வரை

என் மனைவியால் நிற்க முடியும், நடக்க முடியும், படுக்க முடியும். உட்காரத்தான் முடியாது. போன வருடம் முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை செய்த பிறகு நாற்காலி அவளுக்குப் பகையாளி. சாப்பாடு சமையல் மேடைக்கு முன்னால் நின்றபடி, டீவி படுத்தபடி. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "நீங்களும் உட்காருங்களேன்" என்று அவளை உபசரிப்பார்கள். காரணம் சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலிக்கும்.

இத்தனைக்கும் அவள் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியாராக இருந்தவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரிந்துகொண்டார்கள். நானும் அவளிடம் படித்தவன்தான். லைசென்ஸ் சோதனையில் மூன்று தடவை கோட்டை விட்டேன். கட்டின புருஷன்தான் தன் பெயரைக் கெடுத்த ஒரே மாணவன் என்று இன்றைக்கும் குத்திக் காட்டுவாள்.

நாலு மணி நேரம் தள்ளியிருக்கும் ஓர் ஊரில் எங்கள் மகன் சின்னதாக ஒரு பேக்கரி திறந்திருக்கிறான். அவள் இன்னும் அதைப் பார்க்கவில்லை. அந்த ஊருக்கு ரயில் கிடையாது, பஸ்ஸில் படுக்க முடியாது, எங்கள் சின்னக் காரில் பூனைதான் படுக்கலாம். ஆம்புலன்ஸ் பிடிக்கலாமா என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "பன்னு வாங்க ஆம்புலன்ஸ்ல போய் இறங்கணுமா? வாசல்ல நிக்கிற நாலு பேரும் ஓடிடுவாங்க" என்றாள்.

மகன் அனுப்பும் படங்களை போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். "அடுப்புக்குப் பின்னாடி சுவர்ல வெடிப்பு மாதிரி இருக்கு. நேர்ல பாத்தாத்தான் தெரியும்" என்பாள். வெடிப்பெல்லாம் சாக்கு. பிள்ளையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொன்னால் அழுதுவிடுவாள் என்று இருவருக்கும் தெரியும்.

ஒரு நாள் காலை நடைக்குப் போனவள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று அட்டை மாட்டி ஒரு ஸ்டேஷன் வேகன் நிற்கிறதாம். கூரை பின்பக்கம் கடைசிவரை நீண்டுபோகும் பழைய கார்.

"பின் சீட்டை மடக்கிட்டா ஆள் நீட்டிப் படுக்கலாம். எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கி ஏத்துற டர்போ வண்டி வேற. மேடெல்லாம் சும்மா ஏறும்."

"யாரு ஓட்டுறது?" என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு, அதுதான் என் ஓட்டம். பெரிய சாலையில் ஒரு லாரி பக்கத்தில் வந்தாலே எனக்குக் கை வியர்த்துவிடும். இதில் முதுகில் ஆணி வைத்துத் தைத்த மனைவியைப் பின்னால் கிடத்திக்கொண்டு நாலு மணி நேரம் ஓட்ட வேண்டும். ஒரு குலுக்கல் போதாதா? "பாக்கலாம்" என்று வாயால் சொன்னேன். மனதுக்குள், அந்த வண்டி ஓட்டை உடைசலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். என் மச்சினன் மெக்கானிக். உலகத்தில் எந்த வண்டியையும் அவன் நல்ல வண்டி என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் அவன்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது.

"தானமா வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது மாமா. காசு குடுத்து வாங்குறதை வால்வரைக்கும் பாக்கலாம்" என்றான் வழியில்.

"பாரு, நல்லாப் பாரு" என்றேன் மனதார.

வண்டியின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். குட்டையான அம்மாள், சட்டைப்பையில் இன்னும் டார்ச் வைத்திருந்தார். மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம், அங்கே வண்டி நிறுத்த இடமில்லையாம். கரும்பச்சை வண்டி பளபளவென்று கழுவி நின்றது. மச்சினன் அதைச் சுற்றி நடந்து, குனிந்து, படுத்து, எழுந்து, உதட்டைப் பிதுக்கினான். என் மனைவி வேறெதையும் பார்க்கவில்லை. நேராகப் போய் பானெட்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சூடா இருக்கே."

மச்சினன் என்னை ஓரமாக இழுத்தான். "பாத்தீங்களா மாமா? பழைய டர்போல தப்பு இருந்தா, ஆறின எஞ்சினை எழுப்பும்போதுதான் நீலப் புகை வரும். நாம வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வெச்சிருக்காங்க. எதையோ மறைக்கிறாங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "அப்ப கிளம்பிடலாமா?" என்று சற்று அவசரமாகவே கேட்டேன்.

டாக்டரம்மாவுக்குக் காது கூர்மை. "மறைக்கலைப்பா. உள்ளே பூரா நாய் முடி. இப்பத்தான் வாட்டர் வாஷுக்குக் கொண்டுபோய் சுத்தம் பண்ணிட்டு வந்தேன். நீங்க வேணும்னா ஆறுற வரைக்கும் இருந்து பாருங்க. எனக்கு என்ன வேலை?"

"இருக்கோம்" என்றாள் என் மனைவி. "எஞ்சின் ஆறட்டும்."

மூன்று நாற்காலிகள் வந்தன. வழக்கமான உபசாரம் வந்தது. நான் வழக்கமான காரணத்தைச் சொன்னேன். டாக்டரம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, வண்டியின் பின்கதவைத் தூக்கி, சீட்டை மடக்கி, உள்ளேயிருந்து ஒரு மெத்தையை எடுத்து விரித்தார்.

"ஆபரேஷன் பண்ணின நாயையெல்லாம் இதுல படுக்க வெச்சுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவேன். பெரிய நாய்க்கும் தாங்கும். உறை புதுசு, பயப்படாதீங்க."

"அதுங்க ஏதாவது குறை சொல்லிச்சா?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஒண்ணுகூடச் சொன்னதில்லை."

வாத்தியார் புத்தி போகுமா? படுப்பதற்கு முன்னால், வண்டித் தரையில் முடுக்கியிருந்த இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். நாய்களைக் கொண்டுபோகும் ஸ்ட்ரெச்சரை அந்த வளையங்களோடு இறுக்கிக் கட்டும் அகலமான பெல்ட்டுகளை டாக்டரம்மா காட்டினார். இன்னும் தடியான ஆணி போட்டுத் தருவதாகத் தம்பி சொன்ன பிறகுதான் ஏறினாள். தலை முன்சீட்டுப் பக்கம், பாதம் பின்கதவுப் பக்கம். "கொஞ்ச நேரம் கால் நீட்டிக்கிறேன்" என்றாள். நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்தோம்.

சற்று நேரம் கழித்து ஏதோ கேட்கப் போனேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவள் மாத்திரை போட்டுத்தான் தூங்குவாள். அதுவும் துண்டு துண்டாக. வலி வந்தால் முகத்தில் காட்ட மாட்டாள், கால் விரல்கள் மட்டும் உள்ளுக்கு மடங்கிக்கொள்ளும். தூக்கத்திலும் அவை மடங்கித்தான் இருக்கும். பக்கத்தில் படுத்திருக்கும் எனக்கு அந்த விரல்கள்தான் எல்லாச் செய்தியும் சொல்லும். இப்போது அவை பிரிந்து, இரண்டு பக்கமும் சாய்ந்து கிடந்தன. யாருடைய வீட்டு வாசலிலோ, நாய்கள் படுத்த மெத்தையில், பட்டப்பகலில், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, மாத்திரை இல்லாமல் தூங்கினாள்.

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். இந்த வண்டி ஓட்டையாக இருக்க வேண்டும் என்று வேண்டியவன் நான்தானா? வெட்கமாக இருந்தது. வேண்டுதலை அங்கேயே வாபஸ் வாங்கினேன். கடவுளே, இது நல்ல வண்டியாக இருக்கட்டும்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கிசுகிசுப்பில்தான். மச்சினன் சத்தமில்லாமல் பானெட்டைத் தூக்கினான், ஆயில் மூடியைத் திறந்து, தண்ணீர் கலந்திருந்தால் வரும் வெள்ளை நுரை இருக்கிறதா என்று பார்த்தான். காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போவுக்குள் விரலை விட்டு அதன் சின்னச் சக்கரம் தேய்ந்து தளர்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தான்.

"ஆடுதா?" என்று குசுகுசுத்தேன்.

"இருங்க மாமா."

"ரொம்ப ஆடுதா?"

"நீங்கதான் ஆடுறீங்க. தள்ளி நில்லுங்க."

டாக்டரம்மா டார்ச் பிடித்தார். யாருக்கோ அறுவைச் சிகிச்சை நடக்கிற மாதிரி மூன்று பேரும் எஞ்சினுக்குள் குனிந்திருந்தோம். குழாயைத் திரும்ப மாட்டிவிட்டு, மேலும் இரண்டு மணி நேரம் காத்திருந்து, மச்சினன் எஞ்சின்மேல் கையை வைத்துப் பார்த்தான். பச்சைத் தண்ணீராக ஆறியிருந்தது.

"சாவியைப் போடுங்க மாமா. நான் பின்னாடி நின்னு புகையைப் பாக்குறேன்."

"அவ முழிச்சுக்குவாளே."

"அதுக்காக நாளைக்கா ஸ்டார்ட் பண்ண முடியும்?"

உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினேன். ஒரு உறுமல், ஒரு குலுக்கல், எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்னால் லேசான வெள்ளை ஆவி வந்தது. மச்சினன் சைலன்சருக்குப் பின்னால் கையைக் காட்டி, முகர்ந்து, காத்திருந்தான். ஆவி கரைந்தது. நீலம் வரவே இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிச் சைகை காட்டினான். மிதித்தேன்.

"காத்து போகுது" என்று என் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. "டர்போலேருந்து வர்ற ரப்பர் குழாய்ல எங்கேயோ வெடிப்பு. புஸ்ஸுங்குது பாரு."

மச்சினன் முன்னால் ஓடி வந்து கையால் தடவிப் பார்த்தான். குழாயின் அடிப்பக்கத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு கீறல். பையிலிருந்து டேப் எடுத்து இறுக்கிச் சுற்றினான்.

"புதுசு போட்டாப் போதும். டர்போ நல்லா இருக்கு" என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா வியந்து போனார். "மேட்டுல திணறும். பாவம், வயசாயிடுச்சுன்னுல்ல நெனச்சேன்."

"வயசு இல்லை டாக்டரம்மா, ஒரு கீறல்தான்" என்றாள் என் மனைவி, படுத்தபடியே.

மிச்சம் இருந்தது ஓட்டிப் பார்ப்பது. மச்சினன் ஓட்டுவதாகச் சொன்னான். "வேண்டாம். யாரு ஓட்டப் போறாங்களோ அவங்க ஓட்டட்டும்" என்றாள் அவள். அவன் பெல்ட்டுகளை அவள்மேல் இறுக்கிவிட்டு இறங்கி நின்றுகொண்டான். டாக்டரம்மா என் பக்கத்தில் ஏறினார்.

தெருவைத் தாண்டி சுற்றுச் சாலைக்கு வந்தேன். என் உள்ளங்கை நனைந்திருந்தது. பின்னாலிருந்து திட்டு வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். வரவில்லை. ஒரு வேகத்தடையை எறும்பு மாதிரி ஏறி இறங்கினேன். அப்போதும் ஒன்றும் வரவில்லை. நடுக்கண்ணாடியைப் பார்த்தேன். அதில் அவள் முகம் தெரியாது, இரண்டு பாதங்கள்தான் தெரிந்தன. விரல்கள் மடங்கவில்லை.

ஒரு லாரி பக்கத்தில் வந்தது, உரசுகிற மாதிரி போனது. கண்ணாடியைப் பார்த்தேன். விரல்கள் அப்படியே இருந்தன. மேடு வந்தது. கியரைக் குறைத்து மிதித்ததும் வண்டி மெல்ல விசிலடித்துக்கொண்டு சுலபமாக ஏறியது. டாக்டரம்மா "அடடே" என்றார். எனக்கும் அப்படித்தான் சொல்லத் தோன்றியது.

திரும்பி வந்து வாசலில் நிறுத்தினேன். உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. சாவியில் கை வைத்தேன்.

"அணைக்காதீங்க" என்றாள் அவள்.

"தெரியும்" என்றேன், படித்த மாணவன் தோரணையில். "ஓடி வந்த டர்போ. கொஞ்சம் ஆறவிட்டுத்தான் அணைக்கணும்."

"அதுக்கில்லை." பெல்ட்டை இழுத்துச் சரிசெய்யும் சத்தம் கேட்டது. "நல்லாத்தான் ஓட்டுறீங்க. இன்னும் கொஞ்ச தூரம் போங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், பின்னால் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கிக்கொண்டார். "பெட்ரோல் இருக்கு. மெதுவா வாங்க" என்றார்.

முதல் கியரைப் போட்டேன். நடுக்கண்ணாடியில் அவள் கால் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன.