தொண்டைக்குப் போகும் வழி

ஸ்கேன் அக்கா என்றுதான் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். வேலை முடிந்த மாலைகளில் பைத்தான் என்ற கணினி மொழியைத் தானே படித்து, பழைய படங்களைத் தேட ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். கோப்புகளின் பெயரில் நோயாளி யாரென்று இருக்காது; ஒவ்வொரு படத்தையும் திறந்து உள்ளே இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். நாலாயிரம் படங்கள். கையால் தேடினால் வாரக்கணக்காகும்.

உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு ஃபோல்டர்; தலை, மார்பு, முட்டி எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. அன்று காலை தொண்டைப் படம் கேட்டதும், அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்று புரோகிராம் கையை விரித்துவிட்டது.

டாக்டர் பின்னாலேயே நின்றார். "பாட்டு டீச்சரோட மூணு வருஷத்துக்கு முந்தின படம்மா. கட்டி வளரலைன்னா இன்னிக்கு ஆபரேஷன் வேண்டாம். கத்தி வச்சா குரல் போயிடும்னு பயப்படுறாங்க."

"கம்ப்யூட்டர் கம்பெனிக்காரனைக் கூப்பிடவா?" என்றார் அட்டெண்டர்.

"அவங்க வர ரெண்டு நாளாகும்ணே. நானே பாத்துடறேன்."

கழுத்தைக் கேட்டாள். அதுவும் இல்லையாம். இந்த இரண்டு இடத்தின் மேல் மட்டும் இதற்கு என்ன கோபம்? எந்த வழியாகப் போகிறாய், எழுதிக் காட்டு என்று புரோகிராமையே கேட்டாள். "D:\scan\throat" என்று அவள் கொடுத்திருந்ததில் t-யைக் காணோம். அந்த இடத்தில் பெரிய இடைவெளி, பிறகு hroat. neck-இல் n போய், eck அடுத்த வரியில் விழுந்து கிடந்தது.

பேக்ஸ்லாஷ் என்கிற அந்தச் சாய்ந்த கோடும் t-யும் சேர்ந்தால் பைத்தானுக்கு அது இடைவெளி. n சேர்ந்தால் புது வரி. எழுத்தை எழுத்தாகவே படி என்று மேற்கோள்குறிக்கு முன்னால் ஒரு r போட்டாள். அவசரத்தில் கடைசியிலும் ஒரு பேக்ஸ்லாஷ் விழுந்துவிட, அது மூடும் மேற்கோள்குறியையே விழுங்கி மறுபடி பிழை காட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தாள். "D:/scan/throat" என்று கோட்டை மறுபக்கம் சாய்த்து எழுதினாள்.

படம் வந்தது.

டாக்டர் அதையும் இன்றைய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அளந்தார். "அதே அளவுதான். ஆறு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்."

வராந்தாவில் டீச்சர் தன் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அட்டெண்டர் டீ கொண்டுவந்து வைத்தார்.

"அதான் முடிஞ்சிடுச்சே. குடிம்மா."

"வயிறு பாக்கி இருக்குண்ணே," என்றாள் அவள். அதே பேக்ஸ்லாஷில் abdomen-இன் a-வும் காணாமல் போயிருந்தது. இதுவரை யாரும் வயிற்றுப் படம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.