நெஞ்சு வரை இறங்கியவர்

அந்த லிஃப்ட் ஐந்தாவது மாடியிலிருந்து விழுந்த நாளுக்குப் பிறகு, அதைப் பராமரித்து வந்த கம்பெனியில் வேலை பார்த்த அறுபத்தொரு பேரும் எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் நாற்காலியோடு தரைக்குள் இறங்கினார்கள். வீட்டில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது, பஸ்ஸில் உட்கார்ந்தாலும் ஆகாது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் உட்கார்ந்து "இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று கேட்க, இந்தப் பக்கத்து ஆள் கம்பெனி பேரைச் சொன்ன மாத்திரத்தில்தான் இறக்கம் ஆரம்பிக்கும். டீ போட்டுக் கொடுத்தவர் அங்கே மூன்று மாதம்தான் இருந்தார் என்பதால் இரண்டு விரற்கடையோடு தப்பித்தார். டெலிபோன் எடுத்த அம்மாளுக்கு முழங்கால் வரை. எத்தனை வருஷம் சர்வீஸோ அத்தனை ஆழம் என்று போகப் போகத் தெரிந்தது. "சரி, சொல்லி அனுப்புறோம்" என்று அவர்கள் சொன்னதும் நாற்காலி தானாக மேலே வந்துவிடும், தரையும் மூடிக்கொள்ளும், ஒரு கீறல் இருக்காது. அதனால் ஆபீஸ்காரர்கள் யாரும் புகார் செய்யவில்லை. சொல்லி அனுப்பவும் இல்லை.

இவர்களில் ஆழமாகப் போனவர் ரோப்புக்காரர். பத்தொன்பது வருஷ சர்வீஸ். லிஃப்டைத் தூக்கிப் பிடித்திருக்கிற இரும்பு ரோப்பைச் சோதிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் அந்தப் பேர். வழிமுறை ரொம்ப எளிது. மொட்டைமாடி மெஷின் ரூமில் நின்று, லிஃப்டை ஆமை வேகத்தில் ஓட விட்டு, ரோப்பின் மேல் ஒரு பழைய பருத்தித் துணியைப் பிடித்தால், கம்பி இழை எங்கேயாவது அறுந்திருந்தால் துணி அங்கே சிக்கும். கண்ணுக்குத் தெரியாதது துணிக்குத் தெரியும். அவர் கை பட்ட லிஃப்ட் ஒன்றுகூட விழுந்ததில்லை. விழுந்த லிஃப்ட் ஊரின் இன்னொரு மூலையில், வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் இதையெல்லாம் யார் கேட்டார்கள்? கம்பெனி பேரைச் சொல்வார், "ஓ... அந்தக் கம்பெனியா!" என்பார்கள், அடுத்த பேச்சு வருவதற்குள் மேஜை அவர் கண்ணுக்கு நேராக வந்துவிடும். பிறகு மேஜைக்கு அடியில் இருக்கிற செருப்புகளைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷத்தில் இருபத்தாறு இன்டர்வியூ போனார். இருபத்தாறு விதமான செருப்பு பார்த்தார்.

இதையாவது தாங்கிக்கொண்டிருப்பார். தாங்க முடியாதது மாடியில் இருந்தது. மாடி போர்ஷனில் குடியிருந்தவர் அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன். அவரும் லிஃப்ட் மெக்கானிக்தான். ஆனால் அவர் இருந்தது ஊரிலேயே உயரமான கட்டடங்களையெல்லாம் கையில் வைத்திருந்த பெரிய கம்பெனியில். இருந்ததும் என்ன பெரிய காலம், முழுசாக இரண்டே வருஷம். அந்தப் பேரைச் சொன்னால் போதும், இன்டர்வியூவில் சகலையின் நாற்காலி ஒரு முழம் மேலே எழும்பும். கேள்வி கேட்கிறவர்கள் அண்ணாந்து பார்த்துப் பேசுவார்கள். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்கிறவர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்பாராம். இதைச் சகலையே மாடிப்படியில் நின்று சிரித்துச் சிரித்துச் சொல்வார். "நான் ஒண்ணுமே பேசல சகலை, அவங்களே முடிவு பண்ணிட்டாங்க!" ஒரு வருஷத்தில் மூன்று வேலை மாறினார், ஒவ்வொன்றும் முந்தினதைவிடப் பெரிசு.

ரோப்புக்காரருக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது, பற்றிக்கொண்டு எரிந்தது. சகலையின் புது பைக் சத்தம் கேட்டால் சோறு இறங்கவில்லை. கூரியர் ஆபீஸில் பார்சல் பிரிக்கும் வேலைக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்த மனைவி, சகலையையும் அவரையும் ஒப்பிட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தாலாவது சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பார். அவள் "கெடைக்கும், விடுங்க" என்று மட்டும் சொல்வாள், அதுவும் பார்சல் பிரித்துப் பிரித்து வெடித்த விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொல்வாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் இனி அவள் முகத்தில் முழிக்க முடியாது என்ற நிலையில்தான் அந்தப் பன்னிரண்டு மாடி ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ஆறு லிஃப்டையும் பார்த்துக்கொள்ள அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சூப்பர்வைசர் வேண்டுமாம்.

அன்று காலை மாடிக் கொடியில் சகலையின் பழைய யூனிஃபார்ம் சட்டை காய்ந்துகொண்டிருந்தது, பாக்கெட்டின் மேல் பெரிய கம்பெனியின் முத்திரையோடு. ரோப்புக்காரர் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆஸ்பத்திரி பாத்ரூமில் மாட்டிக்கொண்டார், தோள் கொஞ்சம் பிடித்தது. நான்காவது மாடி அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஆஸ்பத்திரியின் இன்ஜினியர் அம்மாள். எங்கே இருந்தீர்கள் என்று கேட்டதும் அவர் வாயைத் திறக்கவே இல்லை, முத்திரையை மட்டும் தொட்டுக் காட்டினார். சட்டை உடனே மேலே கிளம்பியது. ஆனால் ஆள் கிளம்பவில்லை. பத்தொன்பது வருஷமும் அவரைக் கீழே இழுத்தது, சட்டை மேலே இழுத்தது. பொத்தான் ஒவ்வொன்றாகத் தெறித்து, சட்டை தலை வழியாகக் கழன்று போய் உத்தரத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் பனியனோடு நெஞ்சு வரை தரைக்குள் போய் நின்றார். மூன்றாவது மாடியில் கண் வார்டு. அங்கே கூரையிலிருந்து நாற்காலியோடு இரண்டு கால் தொங்குவதைப் பார்த்த நர்ஸ், நோயாளிக்கு இடிக்காமல் கட்டிலை ஓரமாகத் தள்ளிப் போட்டுவிட்டு மருந்து விடப் போனார்.

இன்ஜினியர் அம்மாள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "சட்டை யாரோடது?"

"என் சகலையோடதுங்க."

"ஏன் போட்டுட்டு வந்தீங்க?"

நெஞ்சு வரை புதைந்தவனுக்கு இனி என்ன மானம்! "பொறாமைங்க" என்றார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. உங்கள் கம்பெனி லிஃப்ட் ஏன் விழுந்தது என்றும் கேட்கவில்லை. எங்கள் லிஃப்டில்தானே ஏறி வந்தீர்கள், எப்படி இருந்தது என்று கேட்டார். ஒன்றரை வருஷத்தில் வேலையைப் பற்றி அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. "ரெண்டாம் நம்பர்ல வந்தேங்க. மூணாவது மாடி தாண்டுறப்போ கால்ல ஒரு சின்னத் துள்ளல் தெரிஞ்சுது. ரோப்பப் பாக்கணும்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்குத் திக்கென்றது. அந்த லிஃப்டைப் பராமரிப்பது சகலையின் பழைய கம்பெனி. துள்ளலைக் கண்டது காலா, இல்லை எரிகிற வயிறா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பொய்யாக இருந்தால் வேலையும் போச்சு, இந்த ஊரில் லிஃப்டைப் பற்றி இனி வாய் திறக்கவும் முடியாது.

அவரை மேலே எடுத்து மெஷின் ரூமுக்குக் கூட்டிப்போனார்கள். யாரோ ஒரு பழைய தலையணை உறையைக் கிழித்துக் கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ரோப்பின் மேல் துணியைப் பிடித்தார். மூன்று இடத்தில் சிக்கியது. சிக்கிய இடத்தில் ஆறேழு இழை அறுந்து நின்றது. அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலமே வேலை அவருக்கு என்று சொல்லிவிட்டார்கள். சட்டையைக் கழியால் தட்டி எடுத்து, பொத்தான் தைத்து, மறுநாள் கொடியிலேயே போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு பெரிய கம்பெனி பராமரித்த மற்ற கட்டடங்களிலும் துணி பிடித்துப் பார்த்தார்கள். பதினாறு லிஃப்டில் சிக்கியது. பெரிய கம்பெனியின் பேர் நாலு மாதத்தில் நாறிப் போனது. சகலை வேலை பார்த்த இடத்தில் ஆட்குறைப்பு என்றார்கள், அவரைத்தான் முதலில் குறைத்தார்கள். பைக் போனது. மாடிப்படியில் சிரிப்புச் சத்தம் நின்றது. ரோப்புக்காரர் அந்த நாட்களில் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த வருஷம் ஆஸ்பத்திரி இரண்டு மெக்கானிக்குகளை எடுக்கத் தீர்மானித்தது. கேள்வி கேட்கிற மேஜையில் ரோப்புக்காரருக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். மூன்றாவதாக உள்ளே வந்தவர் சகலை. முகம் வாடியிருந்தது. கம்பெனி பேரைச் சொன்னார், நாற்காலி இறங்கியது, கணுக்காலோடு நின்றுவிட்டது. ரோப்புக்காரர் மேஜைமேல் எக்கி எட்டிப் பார்த்தார். அடப்பாவி, ஏறும்போது இரண்டு வருஷத்துக்கு ஒரு முழம், இறங்கும்போது மட்டும் கணுக்காலா? அணைந்துவிட்டது என்று நினைத்த வயிறு மறுபடி எரிந்தது. இங்கேயும் இவன்தான் கொடுத்து வைத்தவன். கம்பெனியைப் பற்றி நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டால் இன்னும் ஒரு சாண் இறங்குவான். கேட்க நாக்குத் துடித்தது. இன்ஜினியர் அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோப்ப எப்பிடிப் பாப்பீங்க சகலை?" என்று மட்டும் கேட்டார் ரோப்புக்காரர்.

"கையால தொட்டதே இல்ல சகலை. கம்ப்யூட்டர்ல பச்சை எரிஞ்சா கையெழுத்துப் போட்டுருவோம். உங்க ஆஸ்பத்திரி ரெண்டாம் நம்பருக்கும் நான்தான் போட்டேன்."

இப்படி ஒரு உண்மையைக் கணுக்கால் ஆழத்திலேயே ஒருத்தனால் சொல்ல முடிகிறதே என்று ரோப்புக்காரருக்கு அதற்கும் பொறாமையாக இருந்தது. தனக்கு நெஞ்சு வரை போக வேண்டியிருந்தது. எழுந்து மேஜையைச் சுற்றி வந்து, "வேலை உங்களுக்குத்தான், கையக் குடுங்க" என்று சகலையை இழுத்து வெளியே எடுத்தார். அவருக்குப் பொறாமை தீர்ந்துபோனது என்று எழுதினால் இந்த வரலாறே பொய்யாகிவிடும், இன்றைக்கும் அது சௌக்கியமாக இருக்கிறது. அடுத்து வரப்போகிறவர் நல்ல பேரெடுத்த கம்பெனி ஆள் என்று விண்ணப்பத்தில் போட்டிருந்ததால், எழுந்த கையோடு சகலையிடம் அந்த நாற்காலிக்கு நேர் மேலே ஓடிய ஃபேனை நிறுத்தச் சொன்னார்.