கோவிந்தராஜன் வீட்டு ஹாலில் ஒரு பாலம்

துர்கா பூஜைக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் கோவிந்தராஜன் வீட்டு ஹாலுக்குள் ஒரு பாலத்தின் நடுப்பகுதி வந்து நின்றது. அதன்மேல், வெளிநாட்டில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்த அவருடைய ஒரே மகள் மேக்னா, முதுகில் பையும் கழுத்தில் மஃப்ளருமாக நின்றிருந்தாள். பாலம் சோபாவை ஓரங்கட்டியது, ஆனால் சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. கொல்கத்தாவில் வீட்டுக்குள் வேண்டாதது வருவது புதிதல்ல. மழைக்காலத்தில் கீழ்வீடுகளுக்குள் சாக்கடைத் தண்ணீர் யாரையும் கேட்டுக்கொண்டா வருகிறது? ஆகவே அவர் மனைவி சகுந்தலா மகளைப் பார்த்து முதலில், "ஒரு போன் பண்ணிட்டு வரப்படாதாடீ?" என்றுதான் கேட்டாள். "நான் வரலம்மா. அங்கேயேதான் நிக்கறேன்" என்றாள் மேக்னா.

அவள் படிக்கும் நாட்டிலிருந்து பக்கத்து நாட்டுக்குப் போய் அருவி பார்த்துவிட்டு வருவது, அங்கே மாணவர்களுக்கு நம் ஆட்கள் தீகா கடற்கரைக்குப் போய்வருவது மாதிரி. நடுவில் ஆறு, ஆற்றின்மேல் பாலம். திரும்பி வருவதற்கு பாஸ்போர்ட்டும் விசாவும் மட்டும் போதாது, கல்லூரி கொடுத்த காகிதமும் வேண்டும். மேக்னாவிடம் எல்லாம் இருந்தன. கோளாறு அவளுடைய அப்பாவுடையது. கோவிந்தராஜன் கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் சரக்குகளின் காகிதங்களைச் சரிபார்த்தே தலை நரைத்தவர். ஒரு மழைக்காலத்தில் அவருடைய பட்டச் சான்றிதழ் பூஞ்சை பிடித்து அப்பளமாக நொறுங்கியது. அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் காளிகாட் மெட்ரோ பக்கத்துக் கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிடுவார். ரேஷன் கார்டும் தப்பவில்லை, பிடித்த கல்யாணப் பத்திரிகைகளும் தப்பவில்லை. விடுமுறைக்கு வந்த மகள் தூங்கி எழுவதற்குள் அந்தக் கல்லூரிக் காகிதத்தையும் பளபளவென்று ஆக்கிக்கொண்டு வந்து, "இனிமே கங்கையில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்று பெருமையாகக் கொடுத்தார். விமான நிலையத்தில் அதைப் பார்த்ததோடு விட்டுவிட்டார்கள். பாலத்தில் அதன்மேல் முத்திரை குத்த வேண்டுமென்றார்கள். பிளாஸ்டிக்கில் மை நிற்கவில்லை. அதிகாரி துடைத்துத் துடைத்து மறுபடி குத்திப் பார்த்தார், பாவம். முத்திரை இல்லாமல் உள்ளே விட முடியாது என்றது ஒரு நாடு. வெளியே போனவளை மறுபடி சேர்க்க முடியாது என்றது மற்ற நாடு. நாடுகளின் பெயரை இங்கே எழுதவில்லை. அவற்றை உச்சரிக்கக் கோவிந்தராஜன் வீட்டில் தடை இருக்கிறது.

சகுந்தலா மகளைக் கட்டிக்கொள்ள ஓடினாள். பாலத்தின் விளிம்பில் அவள் கை கண்ணாடியில் முட்டியதுபோல நின்றுவிட்டது. பேச்சு இந்தப் பக்கம் வந்தது, குளிர் வந்தது. மனிதர்களும் பொருள்களும் தாண்டவில்லை. சந்தில் எல்லோரும் 'பௌதி', அதாவது அண்ணி, என்று கூப்பிடும் எதிர்வீட்டு ரஞ்சனா பௌதி வந்து பார்த்துவிட்டு, பெண் கண்ணெதிரே இருக்கிறாளே, எத்தனை தாய்க்கு அது கிடைக்கிறது என்று வங்க மொழியில் ஆறுதல் சொன்னாள். அடுத்த சித்திரை வெயிலில் அவளே பின்னல் வேலையை எடுத்துக்கொண்டு வந்து அந்தக் குளிரில் உட்கார ஆரம்பித்தாள்.

கோவிந்தராஜன் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. விமான நிலையம் வழியாக வராதவளை இந்தியாவுக்கு வந்ததாகக் கொள்ள முடியாது என்றார்கள் இங்கே. பெண் கொல்கத்தாவில் இருப்பதாகத் தெரிகிறது, நேரில் வரச் சொல்லுங்கள் என்று பதில் எழுதினார்கள் அங்கே. வேறு காகிதம் தரலாம், ஆனால் வகுப்புக்கு வருகிறவர்களுக்குத்தான் தருவோம் என்றது கல்லூரி. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பிறருடைய சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைத்தவர் அவர். மூன்று பதிலும் விதிப்படி சரியாக இருப்பது அவருக்கே தெரிந்தது. அதுதான் அவரை உடைத்தது.

கடைசியில் பிளாஸ்டிக்கை உரித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. காகிதம் மேக்னாவிடம்தான் இருந்தது. இவர் இந்தப் பக்கம் தரையில் மண்டியிட்டு வழி சொன்னார்.

"ஓரத்துலேர்ந்து வாம்மா. நகத்தால. அவசரப்படாதே."

"வருதுப்பா."

"மெதுவா, மெதுவா."

"அப்பா, எழுத்தும் சேர்ந்து பிளாஸ்டிக்கோடயே வருதுப்பா."

அவள் கையில் வெள்ளைக் காகிதம் மிஞ்சியது. கோவிந்தராஜன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். மேக்னா அவரை ஒரு சொல்கூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பிற்பாடு மனைவியிடம் சொன்னார்.

வருஷங்கள் போயின. பாலத்தில் பசி இல்லை, தூக்கம் இல்லை, வயதும் ஏறவில்லை. சகுந்தலாவின் தலை முழுக்க வெளுத்தது. மகளுக்கு நகம்கூட வளரவில்லை. உடன் படித்தவர்கள் வேலைக்குப் போய், வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள். மனு மேல் மனு போட்டதில் கல்லூரி மனமிரங்கி ஒரு புதுக் காகிதம் அனுப்பியது. கோவிந்தராஜன் அதை எழுத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, பாலத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். அது தாண்டவில்லை. மேக்னா அங்கிருந்தபடியே குனிந்து வாசித்தாள்.

"பேரெல்லாம் சரியா இருக்குப்பா. படிப்பு முடியற தேதிதான், போன வருஷமே முடிஞ்சு போச்சு."

பெயர் சரியாக இருப்பதே பெரிசு என்றார் கோவிந்தராஜன். அதற்குமேல் அவர் எங்கும் மனு எழுதவில்லை. மகளும் எப்போது என்று கேட்பதை விட்டாள்; முதுகுப் பையை முதல்முறையாகக் கழற்றி வைத்துவிட்டு, பாலத்தின் கம்பியில் சாய்ந்து உட்கார்ந்தாள். சகுந்தலா சாப்பாட்டு மேஜையை இழுத்து இழுத்துப் பாலத்தின் விளிம்பு வரை கொண்டுவந்து சேர்த்து, எல்லோருக்கும் தட்டு வைத்தாள். மூன்று பேர் உட்கார்ந்தார்கள், இரண்டு பேர் சாப்பிட்டார்கள்.