கரையில் அக்கா, படகில் எருமை

படகு நான்கு பேர் தோளில் இருந்தபோது கடுகின் கழுத்தில் தொங்கிய பைக்குள் போன் அடித்தது.

ஐந்து பேருடைய போன்களும் அந்தப் பையில்தான் இருந்தன. பந்தய நாளில் அவற்றைக் காப்பதும் அவள் வேலைகளில் ஒன்று. துழாவி எடுத்துப் பார்த்தாள். அம்மா. "இடது பக்கம் கம்பம் இருக்கு, ஒதுங்கி வாங்க" என்று படகைச் சுமந்து போகிறவர்களுக்குக் குரல் கொடுத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

"அப்பா போயிட்டாருடி" என்றாள் அம்மா.

கடுகு நின்றுவிட்டாள். படகு நிற்கவில்லை.

"இப்பத்தான் டாக்டர் வந்து பாத்துட்டுச் சொன்னாரு. அக்காகிட்ட நீயே சொல்லிடு. அவகிட்ட என்னால பேச முடியாது." அதற்குப் பிறகு அம்மாவின் குரல் வரவில்லை. சித்தப்பா யாரிடமோ ஏதோ கேட்பது மட்டும் தூரத்தில் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"ஏய் கடுகு, கம்பம் தாண்டியாச்சு!" என்று முன்னாலிருந்து நெட்டை கத்தினாள். "அடுத்து என்ன? ஆத்துல குதிக்கணுமா?"

"நேரா போங்க" என்றாள் கடுகு. குரல் எப்போதும்போலத்தான் வந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடுகு என்பது அவள் பெயரல்ல. ஆளும் சிறிசு, வாயும் காரம் என்பதால் குழுவில் வைத்த பெயர். துடுப்புப் போடுகிற நால்வரில் நெட்டை பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறவள். மற்ற இருவரும் நர்ஸ், டீச்சர் என்று தொழிலாலேயே அழைக்கப்பட்டார்கள். நான்காவது ஆள் கடுகின் சொந்த அக்கா. கூரியர் கிடங்கில் பார்சல் தூக்கித் தூக்கி அவள் தோள் அகன்றிருந்தது.

துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அவர்களுக்குத் தெரிவதெல்லாம் கடந்து வந்த தண்ணீர்தான். ஐந்தாவது ஆளான கடுகு மட்டும் அவர்களைப் பார்த்தபடி கடைசியில் உட்கார்ந்து, முன்னால் வருவதைக் கவனித்துச் சுக்கானைப் பிடிப்பாள். முதல் துடுப்பு அக்காவுடையது. இருவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. படகு ஓடுகிற நேரம் முழுக்க அக்காவின் கண் தங்கையின் முகத்தில்தான் இருக்கும்.

இந்த ஏற்பாடு அப்பாவால் வந்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன். அக்கா குழுவில் சேர்ந்த புதிதில் ஒருநாள் பயிற்சியைப் பார்க்க வந்தவர், கரையில் நின்று வாயடைத்துப் போனார். "ரோட்டைப் பாக்காம ஓட்டுற வண்டி உலகத்துலயே இது ஒண்ணுதான்" என்றார் வீட்டுக்கு வந்து. அப்போது சுக்கான் பிடித்தவள் வேலைக்காக வேறு ஊர் போகப் போகிறாள் என்று தெரிந்ததும் சின்னவளைக் கூப்பிட்டார். "நீ போ. யாராச்சும் ஒருத்தர் ரோட்டைப் பாக்கணும்ல." ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து அடுத்தவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படித்தான் ஆற்றைப் பார்க்க வந்தாள்.

பந்தயப் பருவம் தொடங்கியது பனிக்காலத்தில். விடிவதற்குள் கொட்டகைக்கு வந்துவிட வேண்டும். பனி மூட்டத்தில் ஆறு தெரியாத நாட்களில், கொட்டகைக்குள்ளேயே கயிறு இழுக்கும் இயந்திரத்தில் உட்கார்ந்து வியர்வை கொட்ட இழுத்தார்கள். உள்ளங்கை கொப்புளம் உடைந்து, காய்ந்து, மறுபடி உடைந்தது. நர்ஸ் இரவு வேலை முடித்து நேரே வருவாள். துடுப்பைப் பிடித்தபடியே கண் செருகுவாள். ஒருநாள் கடுகு அவளைப் பார்த்து, "தூங்கினது போதும்!" என்று கத்தினாள். படகு சட்டென்று நின்றுவிட்டது. 'போதும்' என்பது அவர்கள் படகில் நிறுத்தச் சொல்லும் சொல். அதைச் சொல்லும் உரிமை கடுகுக்கு மட்டும்தான். கேட்ட மாத்திரத்தில் நாலு துடுப்பும் நிற்க வேண்டும். அன்றிலிருந்து அந்தச் சொல்லை அவள் அளந்துதான் பேசினாள். வீட்டில் சாப்பிடும்போது அக்கா "போதும்மா" என்றால் இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும். அம்மாவுக்கு ஒன்றும் விளங்காது.

முதல் பந்தயத்துக்கு முன்னால் கோச் மேடம் எங்கோ வகுப்புக்குப் போய்விட்டு வந்து, இனிமேல் யாரையும் திட்டக் கூடாது, பாராட்டித்தான் ஓட்ட வேண்டும் என்றார். கடுகும் "அருமை, அற்புதம்" என்று தேனொழுகப் பேசினாள். கடைசியாக வந்தார்கள். "நான் வகுப்புல பசங்களுக்குச் சொல்ற பொய்யே அதுதான்" என்றாள் டீச்சர். "நீ திட்டு கடுகு. திட்டினாத்தான் எனக்குக் கை ஓடுது." அடுத்த பந்தயத்தில் திட்டினாள். மூன்றாவதாக வந்தார்கள். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் நாக்கைத் தீட்டிக்கொண்டாள். இரண்டாவது. திட்டுகளில் அக்காவுக்கென்று ஒன்று தனியாக இருந்தது. பாதித் தூரத்தில் அக்காவின் முதுகு கூன ஆரம்பிக்கும். அப்போது, "எருமை, முதுகை நிமிர்த்து!" என்பாள். உடனே நிமிரும். வீட்டில் கடுகு அவளை ஒரு சொல் எதிர்த்துப் பேச மாட்டாள். கரையில் அக்கா, படகில் எருமை என்று நெட்டை கேலி செய்வாள்.

இது கடைசிப் பந்தயம். இதில் முதலாக வருகிற படகு மட்டும்தான் பெரிய போட்டிக்குப் போகும்.

முந்தின நாள் மாலை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். அப்பாவுக்கு மாரடைப்பு வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. தேறிவிட்டார் என்றுதான் சொன்னார்கள். அவர் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பில்லை என்று அம்மாவைக் கோபித்துக்கொண்டிருந்தார், ஏதோ அம்மா சமைத்தது மாதிரி. கிளம்பும்போது அக்காவிடம், "ஜெயிச்சா இங்க வாங்க. தோத்தா அப்படியே வீட்டுக்குப் போயிடுங்க. எனக்கு உடம்பு சரியில்ல, அழுமூஞ்சியெல்லாம் பாக்க முடியாது" என்றார்.

இப்போது படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். துடுப்புகளைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். கடுகு படித்துறையில் நின்றாள். சொல்ல வேண்டும், ஒரே வரிதான். சொன்னால் அக்கா இறங்கிவிடுவாள், மூன்று துடுப்பை வைத்துக்கொண்டு படகு போகாது. பனியில் தூக்கம் கெட்டு வந்த நர்ஸ், சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று லீவு போட்ட நெட்டை, டீச்சர், எல்லோருடைய பருவமும் இந்தப் படித்துறையிலேயே முடிந்துவிடும். பந்தயம் எட்டு நிமிஷம். எட்டு நிமிஷத்தில் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தாள்.

பை அதிர்ந்தது. இந்த முறை அக்காவின் போன். திரையில் சித்தப்பா பெயர். கடுகு பைக்குள் கையை விட்டபடியே அதை அணைத்தாள். பிறகு பையைக் கழற்றிக் கோச் மேடத்திடம் கொடுத்தாள்.

"யாரு போன்ல?" என்றாள் அக்கா, படகிலிருந்து.

"அம்மா."

"என்னவாம்?"

"ஜெயிச்சுட்டு வரச் சொன்னாங்க."

"அது அப்பா சொன்னதாச்சே" என்று அக்கா சிரித்தாள். "எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுறாங்க. ஏறு, நேரமாச்சு."

ஆறு படகுகள் வரிசையில் நின்றன. கொடி இறங்கியது.

கடுகு ஓட்டினாள். அவளுக்கு வேறென்ன தெரியும்? "பிடி, இழு, பிடி, இழு. டீச்சரம்மா, கரும்பலகையா அழிக்கிறீங்க? ஆழமா போடுங்க. நெட்டை, உன் பங்குல க்யூ நிக்குது, சீக்கிரம்." பக்கத்துப் படகு அரைப் படகு நீளம் முன்னால் இருந்தது, பிறகு கால். தடத்தைக் குறிக்கும் மிதவைகள் ஒழுங்காக வந்தன, போயின. அவள் மிதவைகளையும் தூரத்துக் கொடியையும் பார்த்தாள். நேர் எதிரே இருந்த முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அப்பாவுக்கும் அதே நெற்றிதான்.

பாதித் தூரம் வந்தது. அக்காவின் முதுகு கூன ஆரம்பித்தது. கடுகு வாயைத் திறந்தாள்.

"அக்கா" என்றாள்.

அவ்வளவுதான் வந்தது. அக்காவின் கண்கள் அவள் முகத்தில் வந்து நின்றன. பிறகு அங்கிருந்து நகரவேயில்லை. துடுப்பு மட்டும் தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது. ஒரு இழுப்பும் தவறவில்லை. முதுகு நிமிரவும் இல்லை. கடுகு மற்ற மூவரையும் தொண்டை கிழியத் திட்டிக்கொண்டே போனாள்.

முடிவுக் கோட்டைத் தாண்டும்போது பக்கத்துப் படகின் மூக்கு கொஞ்சம் முன்னால் இருந்தது. ஒரு கை நீளம் இருக்கலாம்.

"போதும்" என்றாள் கடுகு.

நாலு துடுப்பும் நின்றன. பின்னால் டீச்சர் துடுப்பின் மேல் கவிழ்ந்து, "போச்சு, எல்லாம் போச்சு" என்றாள். பக்கத்துப் படகில் கூச்சல்.

"எப்ப?" என்றாள் அக்கா.

"படகைத் தூக்கிட்டு வந்தீங்கள்ல, அப்ப."

அக்கா மூச்சு வாங்கினாள். பந்தய மூச்சு இன்னும் அடங்கியிருக்கவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த நர்ஸ் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பி மற்ற இருவரையும் பார்த்தாள். நெட்டையின் அப்பாவும் போன வருஷம்தான் போனார். அவளுக்குக் கேட்காமலேயே விளங்கிவிட்டது.

"பாதியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் அக்கா. "படகுல என்னை அக்கான்னு கூப்பிட்டே."

"அப்புறம் ஏன் இழுத்தே? நிறுத்தியிருக்கலாம்ல."

"நிறுத்தறது என் வேலையா? நீ போதும்னு சொல்லுவியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது கடுகுக்கு. "என் முதுகுக்குப் பின்னாடி என்ன வருதுன்னு ஒருநாளாவது திரும்பிப் பாத்திருக்கேனா? நீ பாக்கறேன்னுதானே பாக்கல."

செய்தது தப்பு என்று கடுகுக்குத் தெரிந்தது. அந்தத் தப்பையும் ஒழுங்காகச் செய்யவில்லை, ஜெயிக்கவும் இல்லை.

கரைக்கு வந்ததும் கோச் மேடம் ஓடி வந்தார். அதற்குள் யாரோ அவருக்குப் போன் செய்திருந்தார்கள். "நீங்க ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார். அக்கா கேட்கவில்லை. மற்றவர்களோடு படகைத் தூக்கிக்கொண்டு போய்த் தாங்கியில் கவிழ்த்து, குழாய்த் தண்ணீரில் கழுவி, துணியால் தலையிலிருந்து வால் வரை துடைத்தாள். மற்ற மூவரும் கூடவே துடைத்தார்கள். எல்லோரும் அவளுக்காக மெதுவாகத் துடைப்பதுபோல் இருந்தது. நெட்டைதான் கடைசியில் துணியை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

வேனின் பின்பக்கம் எதிரும் புதிருமாக இரண்டு இருக்கைகள். கோச் மேடம் ஓட்டினார். அக்கா ஏறி, ஓட்டுகிறவருக்கு முதுகு காட்டிய இருக்கையில் உட்கார்ந்தாள். அவள் பஸ்ஸிலும் வழக்கமாக அப்படித்தான் உட்காருவாள். எதிர் இருக்கையில் கடுகு. முழங்கால்கள் ஏறக்குறைய இடித்துக்கொண்டன. இருவரும் பந்தய உடுப்பிலேயே இருந்தார்கள். ஈரத்தில் இருக்கை கருத்தது.

வண்டி நெடுநேரம் ஓடியது. அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கொப்புளம் மறுபடி உடைந்திருந்தது. இனி அவள் தன்னிடம் பேச மாட்டாள் என்றே கடுகு முடிவு கட்டிவிட்டாள். ஒரே அறை, ஒரே கண்ணாடி, ஒரே சீப்பு. பேசாமல் எப்படிக் காலம் தள்ளுவது என்று கூட யோசித்தாள்.

"எங்க வந்திருக்கோம்?" என்றாள் அக்கா.

அவள் தலையை மட்டும் திருப்பினால் தெரிந்திருக்கும். திருப்பவில்லை.

கடுகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். "மார்க்கெட் தாண்டிட்டோம்" என்றாள். "முன்னாடி ஒரு லாரி போவுது. அடுத்து சிக்னல்."

"ம்."

"சிக்னல் பச்சையா இருக்கு. தாண்டியாச்சு. இப்ப பாலம். பாலம் முடிஞ்சதும் வலது பக்கம் திரும்பணும்."

"ம்."

"திரும்பியாச்சு. ஆஸ்பத்திரி தெரியுது."

"தோத்தா வரக் கூடாதுன்னாரே" என்றாள் அக்கா. உதடு கோணியது. அதைச் சிரிப்பு என்றும் சொல்ல முடியாது. கடுகு கையை நீட்டி அந்த உள்ளங்கையைப் பிடித்தாள். அக்கா விலக்கவில்லை, பிடிக்கவும் இல்லை.

வேன் நின்றது.

"யார் நிக்கிறா?"

"அம்மா. வாசல் படியில நிக்கிறாங்க. சித்தப்பா தோளைப் பிடிச்சிருக்காரு." கடுகு இன்னும் கொஞ்சம் பார்த்தாள். பார்த்ததைச் சொல்லாமல் விடுவதில்லை என்று இருந்தாள். "அம்மா கால்ல செருப்பு இல்ல. நம்மளைப் பாத்துட்டாங்க. இறங்கி வர்றாங்க."

அக்கா குனிந்தாள். அகன்ற தோள் இரண்டும் முன்னால் மடங்கின. நெற்றி முழங்காலைத் தொடுமளவுக்கு முதுகு கூனியது. கோச் மேடம் இறங்கிப் பின்கதவின் பிடியில் கை வைத்து, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, திறக்காமல் அப்படியே நின்றார்.

கடுகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எருமை" என்றாள். "முதுகை நிமிர்த்து."

அக்கா நிமிர்ந்தாள்.