வால் பாளையங்கோட்டையில் இருந்தது

கலப்பினக் குட்டை நாய்களை இடுப்பில் பிரித்து இரண்டு வீடுகளில் வளர்க்கலாம். அகத்தாவும் ஸ்டான்லியும் பிரிந்தபோது அப்படித்தான் செய்தார்கள். சமரசம் பேசிய அம்மாள் நாயை மேசைமேல் நிறுத்தி, பொமரேனியன் முடிந்து டாஷ்ஹண்ட் தொடங்கும் இடத்தைத் தடவிப் பார்த்து லேசாகத் திருகினாள். நாய் கொட்டாவி விட்டது. முன்பாதி அகத்தாவோடு தூத்துக்குடிக்கு வந்தது. பின்பாதி ஸ்டான்லியோடு பாளையங்கோட்டையில் தங்கியது. ஜவ்வரிசி என்ற பெயரை மட்டும் பிரிக்க வழியில்லாததால் இருவரும் முழுசாக வைத்துக்கொண்டார்கள்.

அவர்களுக்குள் பெரிய சண்டை என்று எதுவும் நடந்ததில்லை. ஒருநாள் பேச்சு நின்றது. அப்புறம் அதை யார் எடுப்பது என்று தெரியாமல் ஒன்றரை வருடம் போய்விட்டது.

முன்பாதிக்கு வேலை அதிகம். தினமும் முடி சீவ வேண்டும். ஒருநாள் விட்டாலும் காதுக்குப் பின்னால் சிக்கு விழுந்துவிடும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் ஆகாது. பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்தால் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். பின்பாதிக்கு இருவேளை நடை போதும். கண் இல்லாததால் நாற்காலிக் கால்களில் முட்டிக்கொண்டது. அதற்காக ஸ்டான்லி நாற்காலிகளையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டுப் பாயில் உட்காரப் பழகினான். தூத்துக்குடியில் தின்றது பாளையங்கோட்டையில் வெளியே வந்தது. வயிறு சரியில்லாத நாட்களில் அவன் போன் செய்து, பால் கொடுத்தாயா என்று மட்டும் கேட்பான். அவள் கொடுத்திருப்பாள்.

அகத்தா கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மாலை ஆறரைக்கு வந்து கதவைத் திறந்தால் ஜவ்வரிசி அவளையே பார்க்கும். பொமரேனியன் முகத்துக்கு எப்போதும் சிரிக்கிற அமைப்பு. அதை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது. தன்னைக் கண்டதில் அதற்குச் சந்தோஷமா இல்லையா என்று தெரியாமல் ஒரு வாரம் தவித்தாள். பிறகு அவளே போன் செய்தாள்.

"இப்பத்தான் வீட்டுக்குள்ள வந்தேன்."

"ஆடுது," என்றான் ஸ்டான்லி.

அன்றிலிருந்து தினமும் ஆறரைக்கு அவள் கூப்பிடுவாள். அவன் "ஆடுது" என்பான். வேறொன்றும் பேசமாட்டார்கள்.

பிரிந்த பதினோராம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் இரு என்றான். வால் இருக்கிற அறைக்குப் போய் நின்று பார்ப்பது அவளுக்குக் கேட்டது. "ஆடல அகத்தா," என்றான். புதனும் ஆடவில்லை. வியாழக்கிழமை முன்பாதி சோற்றை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அகத்தா அதைத் துண்டோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். எதிர்த்திசையிலிருந்து அவன் பின்பாதியோடு வந்தான். இரண்டு ஊருக்கும் நடுவில் வாகைக்குளத்தில் ஒரு கால்நடை டாக்டரம்மா இருந்தாள்.

டாக்டரம்மா முன்பாதியின் நெஞ்சில் குழலை வைத்தாள். பின்பாதியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. மடியில் கிடந்து வளருகிற சாதி, தனிமை தாங்காது என்றாள். பொருத்திவிடலாம், ஆனால் பன்னிரண்டு நாள் அசைக்கக் கூடாது. தலைமாட்டில் தலைக்குப் பழகியவரும் கால்மாட்டில் காலுக்குப் பழகியவரும் இருக்க வேண்டும். பிழைக்குமா என்று அகத்தா கேட்டாள். உட்காருங்கள் என்றாள் டாக்டரம்மா.

டாக்டரம்மா வீட்டு வராந்தாவில், மாடிப்படியை ஒட்டியிருந்த மர பெஞ்சில் அதைக் கிடத்திப் பொருத்தினார்கள். இருவரும் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். முதல் இரண்டு நாள் அவள் கஞ்சியை விரலால் தொட்டு அதன் நாக்கில் தடவினாள். அவன் உள்ளங்கைகளைத் தேய்த்துத் தேய்த்துப் பின்னங்கால்களுக்குச் சூடு கொடுத்தான். மூன்றாம் நாள் அவன் சீப்பைக் கேட்டு வாங்கினான். எந்தப் பக்கமாகச் சீவ வேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். பேச்சை அங்கிருந்துதான் எடுத்தார்கள். நாற்காலிகளைக் கொடுத்துவிட்டதை அப்போதுதான் சொன்னான். அவள் அவன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் அகத்தா டீ வாங்கப் போய்த் திரும்பினாள். வாசல்படியில் கால் வைத்ததும் ஜவ்வரிசி தலையைத் தூக்கியது. அவளுடைய கை தானாகப் போனை எடுத்து எண்ணை அழுத்தியது. பெஞ்சின் மறுகோடியில் மணி அடித்தது. ஸ்டான்லி எடுத்துக் காதில் வைத்தான்.

"ஆடுது," என்றான்.

அவளே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் அவன் சொல்லி முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. டீ அவள் கையில் வழிந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் ஒரு கணவனும் மனைவியும் பெட்டி, படுக்கை, கட்டிலோடு வந்து பெஞ்சின் முன்னால் நின்றார்கள். இவர்களை வீட்டுக்காரர்கள் என்று நினைத்து, மாடி காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டோம் என்றார்கள்.

"காலிதான். ஆனா தண்ணி காலையில மட்டுந்தான் வரும்," என்றான் ஸ்டான்லி.

அந்தப் பெண் நாயைப் பார்த்துத் தயங்கினாள்.

"கடிக்காது. புது ஆளைக் கண்டா ரெண்டு தடவை குலைக்கும், அவ்வளவுதான்," என்றாள் அகத்தா.

அவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக மேலே ஏறிப்போனார்கள். கட்டில் மட்டும் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. ஸ்டான்லி எழுந்து ஒரு கை கொடுத்தான்.