ஐந்து பேரும் ஒரு நாற்பத்திரண்டும்

ஐந்து பெரிய ஆய்வகங்களும் ஒரு சின்ன ஆய்வகமும் சேர்ந்த வலையமைப்பு அது. ஆற்றைக் காப்பாற்றும் நிபுணர்களை உருவாக்குவதே நோக்கம் என்று கூட்ட அறைச் சுவரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பத்து வருடத்தில் உருவானது என்னவோ சான்றிதழ்கள்தான். நிபுணர் யாரும் ஆற்றில் கால் நனைத்ததாகத் தெரியவில்லை.

சின்ன ஆய்வகம் என்பது ஒரு அறை, ஒரு பழைய குளிர்பெட்டி, ஒரு உதவியாளர். வாராவாரம் ஆற்றுக்குப் போய், பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி நிரப்பிவருவது அவள்தான். கூட்டங்களில் குறிப்பு எழுதும் வேலையையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். அவள் அளவுகள் மற்றவர்களோடு ஒத்துப்போவதில்லையாம். இந்தக் கூட்டத்தோடு அவள் அறைக்குப் பூட்டுப் போடுவதாக ஏற்பாடு. அப்புறம் ஆற்றை எட்டிப் பார்க்கவும் நாதி இருக்காது.

வருடத்துக்கு ஒருமுறை ஒப்பீட்டுச் சோதனை உண்டு. முறைவைத்து ஓர் ஆய்வகம் ஒரே தண்ணீரை எல்லோருக்கும் அனுப்பும். என்ன தண்ணீர் என்று சொல்லாது. அவரவர் தனியாக நைட்ரேட் அளந்து எழுத வேண்டும். போன வருடம் பெரிய ஆய்வகப் பேராசிரியர் ஒருவர் அவளுக்கே போன் போட்டு, மற்றவர்கள் என்ன எழுதினார்கள் என்று விசாரித்தார். இவர்கள் ஒத்துப்போகும் லட்சணம் அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. இந்த வருடம் தண்ணீர் அனுப்பும் முறை அவளுடையது.

ஒருங்கிணைப்பாளர் முடிவுகளைத் திரையில் போட்டார். ஐந்து ஆய்வகமும் நாற்பத்திரண்டு. அவளுடையது பூஜ்யம். அறையே சிரித்தது. அவளைப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று ஒருவர் பெரிய மனது பண்ணினார்.

"நம்ம ஆத்துல நைட்ரேட்டே இல்லங்கிறீங்களாம்மா?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"ஆத்துத் தண்ணின்னு யார் சார் சொன்னா? எல்லா பாட்டில்லயும் நான் ஊத்துனது காய்ச்சி வடிச்ச தண்ணி. அதுல ஒண்ணுமே இருக்காது."

போன் போட்ட பேராசிரியர் மேசைக்கடியில் எதையோ தேடினார். ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, மறுபடி துடைத்தார்.

"இத குறிப்புல ஏத்த வேண்டாம்மா."

"ஏத்திட்டேன் சார்" என்றாள். "அடுத்து என் ரூமப் பூட்டுற விஷயம். படிக்கட்டுமா?"

வேண்டாம் என்று ஐந்து ஆய்வகத்துக்காரர்களும் தலையாட்டினார்கள். அதிலும் ஒத்துப்போனார்கள்.